பின்கோட்டில் நடக்கிற ஆட்டம்

பாரிஸ் பாராலிம்பிக்கின் பேட்மிண்டன் போட்டிகள் 2024 ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர் 2 அன்று முடிந்தன. தமிழ்நாட்டில் அந்த நாட்களில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்களுக்காக உட்கார்ந்தவர்கள். காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன் வெள்ளி வாங்கினார். மனிஷா ராமதாஸ் வெண்கலம் வாங்கினார். ஓசூரின் நித்யஸ்ரீ சிவன் இன்னொரு வெண்கலம் வாங்கினார். மூவரும் நின்று ஆடும் பிரிவுக்காரர்கள். அவர்களைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள், நன்றாகவே எழுதியும் விட்டார்கள். நான் எழுத உட்கார்ந்தது அதே அரங்கில் நடந்த வேறோர் ஆட்டத்தைப் பற்றி. சக்கர நாற்காலிப் பெண்கள் ஒற்றையர், முதல் பிரிவின் இறுதி ஆட்டம். ஜப்பானின் சரினா சதோமிக்கு எதிராகத் தாய்லாந்தின் சுஜிரத் பூக்காம். 18-21, 21-13, 21-18. சதோமிக்குத் தங்கம்.

மறுநாள் இதைப் பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். விபத்து இருந்தது, கண்ணீர் இருந்தது, மன உறுதி பத்திக்கு ஒரு முறை இருந்தது. முதல் செட்டைத் தோற்றவர் அடுத்த செட்டை எட்டுப் புள்ளி வித்தியாசத்தில் எப்படி எடுத்தார் என்று ஒரு வரி கூட இல்லை. ஓர் ஆட்டக்காரியின் வாழ்க்கையைப் பற்றி இத்தனை அக்கறையும் அவள் ஆடிய ஆட்டத்தைப் பற்றி இத்தனை அலட்சியமும் ஒரே கட்டுரையில் எப்படிக் குடியிருக்கின்றனவோ, எனக்குப் புரியவில்லை.

பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பூப்பந்து, கோ-கோ, பிறகு ஷட்டில் என்று மூன்று தலைமுறைப் பெண்களை வெயிலில் நிறுத்தியிருக்கிறேன். மாவட்டப் போட்டிகளில் நடுவர் நாற்காலியிலும் ஏறியிருக்கிறேன். அந்தப் பழக்கம் விடவில்லை. எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது கோட்டுக்கு. ஆள் யார், எந்த நாடு, என்ன கதை என்பதெல்லாம் அப்புறம்தான். சக்கர நாற்காலி ஒற்றையரைப் பார்க்க அந்தப் பழக்கம் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. ஏனென்றால் அதன் கோடுகள் வேறு.

வழக்கமான ஆடுகளத்தை நீளவாக்கில் பாதியாகப் பிரிக்கிறார்கள். அகலம் 3.05 மீட்டர்தான். முன்பக்கத்தில், நெட்டிலிருந்து சர்வீஸ் கோடு வரை உள்ள 1.98 மீட்டரையும் எடுத்துவிடுகிறார்கள். ஷட்டில் அங்கே விழுந்தால் வெளியே. மிச்சம் இருப்பது சர்வீஸ் கோட்டிலிருந்து பின்கோடு வரை 4.72 மீட்டர். நின்று ஆடும் ஒற்றையரில் ஒருத்தி காக்க வேண்டிய இடத்தோடு ஒப்பிட்டால் இது பாதிக்கும் குறைவு. அளவைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: அப்படியானால் சுலபம்தானே?

வீட்டில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பக்கவாட்டில் ஓர் அடி நகர்ந்து பார்க்கச் சொல்வேன் அவர்களை. சக்கர நாற்காலி முன்னே போகும், பின்னே போகும், திரும்பும். பக்கவாட்டில் போகாது. நாம் ஒற்றைக் காலை எட்டி வைத்து எடுக்கிற பந்தை அவர்கள் முதலில் சக்கரத்தைத் திருப்பி, பிறகு தள்ளி, பிறகு கையை நீட்டி எடுக்க வேண்டும். அந்தக் கையில் ஏற்கெனவே ராக்கெட் இருக்கிறது. ராக்கெட்டைப் பிடித்துக்கொண்டே அதே உள்ளங்கையால் சக்கரத்தின் வளையத்தைத் தள்ள வேண்டும், அடுத்த நொடி அதே கை தலைக்கு மேலே போக வேண்டும். 3.05 மீட்டர் அகலம் அவர்களுக்குத் தாராளமாகப் போதும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆறு மீட்டர் அகலத்தைக் கொடுத்தாலும் இத்தனை வேலை இருக்காது.

நெட்டின் உயரத்தை யாரும் குறைக்கவில்லை. நடுவில் 1.524 மீட்டர், கம்பத்தில் 1.55, நமக்கு உள்ளதேதான். உட்கார்ந்திருப்பவரின் கண் அதற்குக் கீழே இருக்கிறது. எதிராளியை அவர்கள் பெரும்பாலும் வலைக்கண்ணிகளின் வழியாகத்தான் பார்க்கிறார்கள். இதை எந்த வர்ணனையாளரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் போதும், பார்ப்பவருக்கு ஆட்டம் பாதி விளங்கிவிடும். உட்கார்ந்த உயரத்திலிருந்து, ஆடுகளத்தின் பின்பகுதியிலிருந்து ஸ்மாஷ் அடித்தால் அது நெட்டைத் தாண்டும்போது கிட்டத்தட்டத் தட்டையாகத்தான் போகும், செங்குத்தாக இறங்காது. முன்பகுதியோ ஆட்டத்திலேயே இல்லை. ஆக, தொலைக்காட்சியில் நாம் கைதட்டப் பழகிய இரண்டு விஷயங்கள், மேலிருந்து குத்துகிற ஸ்மாஷும் நெட்டோடு உரசி விழுகிற பந்தும், இந்த ஆட்டத்தின் மையத்தில் கிடையாது.

மையத்தில் இருப்பது பின்கோடு. எதிராளியின் தலைக்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில், ஆனால் கோட்டுக்குள்ளேயே விழும்படி ஒரு கிளியர். அடுத்தது சர்வீஸ் கோட்டைத் தாண்டிய உடனே விழும்படி ஒரு ட்ராப். மறுபடி பின்னே. மறுபடி முன்னே. 4.72 மீட்டருக்குள் எதிராளியை முன்னும் பின்னும் இழுத்து, அவர் நாற்காலி எந்த நொடியில் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருக்கிறதோ அந்த நொடியில் பந்தை மறுபக்கம் வைக்க வேண்டும். ஓடுகிற சக்கரத்தை நிறுத்தி, எதிர்த்திசையில் மறுபடி உருட்டுவதற்குள் பந்து தரையில் கிடக்கும். ஆகவே ராலிகள், அதாவது ஒரு புள்ளி முடியும்வரை இருவரும் மாறி மாறி அடிப்பது, நீளமாகப் போகின்றன. முதல் முறை பார்ப்பவர்களுக்குச் சலிப்பாகக் கூட இருக்கலாம். இரண்டு பேரும் மாறி மாறி மேலே தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார்களே, எப்போது அடிப்பார்கள் என்று கேட்பார்கள். அந்தத் தூக்கிப் போடுவதுதான் அடி. ஒவ்வொரு கிளியரும் முந்தையதைவிட ஒரு சாண் பின்னால் விழுகிறதா, ஒரு சாண் முன்னால் விழுகிறதா என்று பாருங்கள். ஒரு சாண் முன்னால் விழுந்த பந்துக்குத்தான் அடுத்த அடியிலோ அதற்கடுத்த அடியிலோ தண்டனை வருகிறது.

தலைக்கு மேலே பின்னால் போகிற பந்தை எடுப்பதுதான் இந்த ஆட்டத்தின் கடினமான வேலை. நாற்காலியைப் பின்னால் உருட்டியபடியே முதுகைச் சாய்வின் மேல் வளைத்து, ஏறக்குறைய கூரையைப் பார்த்தபடி அடிக்க வேண்டும். ஆட்ட நாற்காலியின் பின்பக்கம் ஒரு சிறு சக்கரம் துருத்திக்கொண்டு இருப்பதன் காரணம் இதுதான். அது இல்லையென்றால் ஆளோடு நாற்காலி மல்லாந்துவிடும். சாய்ந்து அடித்தது சரி, நிமிர்வது எப்படி? வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் முழுதாக வேலை செய்கிறவர் சும்மா நிமிர்ந்துவிடுவார். அவை வேலை செய்யாதவர் ராக்கெட் இல்லாத கையால் சக்கரத்தைப் பிடித்து இழுத்துத் தன்னை நிமிர்த்திக்கொள்ள வேண்டும். அதே கைதான் நாற்காலியை முன்னால் தள்ளவும் வேண்டும்.

பிரிவுகள் இரண்டாக இருப்பது இதனால்தான். டபிள்யூஎச்1 என்பது கால்களோடு உடற்பகுதியின் இயக்கமும் பாதிக்கப்பட்டவர்களுக்கு. டபிள்யூஎச்2 என்பது காலில் பாதிப்பு இருந்தும் உடற்பகுதி ஏறக்குறைய முழுதாக இயங்குகிறவர்களுக்கு. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேகம் வேறாக இருப்பது உடனே தெரியும். இரண்டாம் பிரிவில் சீனாதான். டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கம் லியு யூதோங்குக்கு. டோக்கியோவில் ஷு திங்திங், பாரிஸில் லி ஹோங்யான் என்று இரண்டு முறையும் இறுதியில் எதிரே நின்றவரும் சீனரே. பாரிஸில் வெண்கலத்தை சுவிட்சர்லாந்தின் இலாரியா ரெங்லி எடுத்தார். லியுவின் ஆட்டத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அடுத்து என்ன ஆகுமோ என்று நகம் கடிக்க வைக்கிற ஆட்டம் எனக்குக் கிடைத்தது முதல் பிரிவில்தான்.

விதிகளைப் பற்றி இரண்டு வார்த்தை, நடுவர் புத்தியை அடக்க முடியவில்லை. பந்தை அடிக்கிற நொடியில் உடற்பகுதியின் ஏதாவது ஒரு பாகம் இருக்கையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். எம்பி அடித்தால் தவறு. ஆட்டத்தின் நடுவே கால் தரையில் பட்டாலும் தவறு. நாற்காலியை நிறுத்தக் கையைத்தான் பயன்படுத்த வேண்டும், காலை ஊன்றக் கூடாது. சர்வீஸ் போடும்போது சக்கரம் நிற்க வேண்டும். கை வீச்சின் எதிர்விசையில் நாற்காலி லேசாக அசைவதை மட்டும் பொறுத்துக்கொள்வார்கள். நின்று ஆடுபவர்களுக்கு சர்வீஸில் 1.15 மீட்டர் என்று ஒரு நிலையான உயரம் வந்துவிட்டது. நாற்காலிக்காரர்களுக்கு அளவு அவர்களுடைய அக்குள், அதற்குக் கீழே ஷட்டில் இருக்க வேண்டும். இதையெல்லாம் வேகமாகப் போகிற ஆட்டத்தில் கண்ணால் பிடிப்பது எளிதல்ல. இருக்கையிலிருந்து எம்பினாரா, வளைந்தாரா என்பதை நடுவர் முடிவு செய்ய ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான் இருக்கிறது. அந்த நடுவர் நாற்காலியில் உட்கார எனக்குத் தைரியம் போதாது.

சக்கர நாற்காலி டென்னிஸை நிறையப் பேர் பார்த்திருப்பார்கள். அங்கே ஆடுகளம் முழு அளவு. ஆனால் பந்து இரண்டு முறை தரையில் குதிக்கலாம். திரும்பி வர அவகாசம் கிடைக்கும். ஷட்டில் குதிக்காது. இடத்தைக் குறைத்தார்கள், நேரத்தைக் கூட்டவில்லை. டென்னிஸிலிருந்து இங்கே வந்தவர்களும் உண்டு. சுவிட்சர்லாந்தின் கரின் சூட்டர்-எராத் பல ஆண்டுகள் சக்கர நாற்காலி டென்னிஸ் ஆடிவிட்டு, ஐம்பதை எட்டிய வயதில் டோக்கியோவில் பேட்மிண்டன் ஆடினார். ஐம்பதில் இடுப்பு வலிக்கிறது என்று என்னிடம் விடுப்பு கேட்ட சக ஆசிரியைகளின் முகங்கள் நினைவுக்கு வந்தன. (அவர்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.)

இந்த விளையாட்டு பாராலிம்பிக்குக்கு வந்து சேரத் தாமதமானது. மாற்றுத்திறனாளிகளுக்கான உலக பேட்மிண்டன் போட்டி 1998இல் நெதர்லாந்தின் அமர்ஸ்ஃபோர்ட் நகரிலேயே தொடங்கிவிட்டது. பாராலிம்பிக்கில் சேர்ப்பதாக முடிவானது 2014இல். முதன்முதலாக ஆடப்பட்டது டோக்கியோவில், அதுவும் கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போய் 2021 செப்டம்பரில், யோயோகி அரங்கில். 14 தங்கப் பதக்கங்களுக்கு 90 பேர். பாரிஸில் அது 16 பதக்கங்களும் 120 பேருமாக வளர்ந்தது.

டோக்கியோ இறுதியிலும் இதே இருவர்தான். சதோமி, பூக்காம். வெண்கலமும் இரண்டு முறையும் ஒரே கைக்கு, சீனாவின் யின் மெங்லுவுக்கு. மூன்றாண்டுகள் கழித்து, வேறு கண்டத்தில், அதே மூன்று பெண்கள் அதே மூன்று படிகளில் நின்றார்கள். ஒரு விளையாட்டில் ஒருத்தி மட்டும் தனியே உயரத்தில் இருந்தால் இப்படி நடக்கலாம். ஆனால் இங்கே அப்படியும் இல்லை, எண்களைப் பாருங்கள். டோக்கியோவில் 14-21, 21-19, 21-13. பாரிஸில் 18-21, 21-13, 21-18. இரண்டு இறுதிகளிலும் முதல் செட்டை எடுத்தவர் பூக்காம். இரண்டு முறையும் தங்கத்துக்கு ஒரு செட் தூரத்தில் நின்றவர் அவர்.

சதோமி 1998இல் பிறந்தவர், சிபா மாநிலத்துக்காரர். நடுநிலைப் பள்ளியில் பேட்மிண்டன் ஆடியிருக்கிறார். 2016இல், உயர்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில், கார் விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டது. அடுத்த ஆண்டே, அப்பாவின் தூண்டுதலில், நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி ராக்கெட்டை எடுத்தார். 2019இல் பாசெல் நகரில் உலகச் சாம்பியன். விபத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை. பள்ளியில் ஆடியவர் என்பதுதான் ஆட்டத்துக்கு முக்கியமான செய்தி. மணிக்கட்டும் ராக்கெட்டின் முகமும் அவருக்குப் புதிதில்லை, புதிதாகக் கற்றது சக்கரத்தை. பூக்காம் அவரைவிடப் பத்து வயதுக்கும் மேல் மூத்தவர்.

டோக்கியோவில் பார்வையாளர்களை அனுமதிக்கவில்லை. சொந்த நாட்டில், காலி நாற்காலிகள் சூழ ஆடி சதோமி முதல் தங்கத்தை வாங்கினார். ஆளில்லா அரங்கில் ஒரு லாபம் உண்டு. ஒலி. சக்கரம் தரையில் திரும்பும் கிறீச்சொலி, ராக்கெட்டில் ஷட்டில் பட்ட சத்தம், மூச்சு வாங்குவது எல்லாம் பதிவில் தெளிவாகக் கேட்கின்றன. கிளியர் நன்றாகப் பட்டதா, விளிம்பில் பட்டதா என்று காதாலேயே சொல்லிவிடலாம். பாரிஸ் பதிவில் கூட்டத்தின் சத்தம் அதை மூடிவிடுகிறது.

இனி என் பழைய மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஆட்டத்தைப் பார்க்க எனக்குக் கற்றுத்தந்தது அவள்தான். பள்ளியில் எங்கள் பூப்பந்து அணியின் பின்வரிசைக்காரி, உயரமாக வருகிற பந்து எதையும் தரையில் விடாதவள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு சாலை விபத்து, அதிலிருந்து சக்கர நாற்காலி. வங்கியில் வேலை பார்க்கிறாள். டோக்கியோ ஆட்டங்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு எனக்கு அழைத்தாள்.

"டீச்சர், நான் ஷட்டில் ஆட வேண்டும். நீங்கள் எதிரே நில்லுங்கள்."

"நிற்கிறேன்" என்றேன்.

"நிற்காதீர்கள், உட்காருங்கள்" என்றாள். "அப்போதுதான் உங்களுக்குத் தெரியும்."

ஊரில் உள்ள ஓர் உள்ளரங்கைக் கேட்டோம். வாசலில் மூன்று படி, சாய்தளம் இல்லை. அதை அவளுடைய தம்பியும் அவன் நண்பர்களும் தூக்கிச் சமாளித்துவிட்டார்கள். உள்ளே போனதும் பொறுப்பாளர் வந்து, சக்கரம் பட்டால் தரை கீறிவிடும் என்று நிறுத்தினார். அதே தரையில் அரை மணி நேரம் முன்பு இரும்பு நாற்காலிகளை இழுத்து ஏதோ பரிசளிப்பு விழா நடத்தியிருந்தார்கள், கோடு கோடாகத் தடம் தெரிந்தது. சக்கரத்தின் ரப்பரைத் தொட்டுக் காட்டினாள் அவள். அவர் தொடவில்லை. மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அந்த மேலிடம் இன்னும் பதில் சொல்லவில்லை.

பிறகு நாங்கள் ஆடியது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், முகூர்த்தம் இல்லாத நாட்களில். சாக்பீஸால் கோடு போட்டேன். 3.05, 1.98, 4.72. மண்டபத்துக் கணக்குப்பிள்ளை அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, எதற்கு இது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவளிடம் இருந்தது ஆட்ட நாற்காலி இல்லை, மடக்குகிற மருத்துவமனை வகை. ஆட்ட நாற்காலிக்குச் சக்கரங்கள் மேலே ஒடுங்கிக் கீழே விரிந்து சாய்ந்திருக்கும், சட்டென்று திரும்பும், கவிழாது. விலை லட்சங்களில் போகிறது. இவளுடைய நாற்காலி திரும்புவதற்குள் பந்து விழுந்துவிடும். பின்னால் சாய்ந்தால் மல்லாந்துவிடும் என்பதால் தம்பி பின்னால் நின்று பிடித்துக்கொள்வான். அவன் ஆட்டத்தைக் கவனித்து வாய் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவான், இவள் திட்டுவாள்.

எனக்கு ஒரு வாடகைச் சக்கர நாற்காலி. முதல் நாள் நான் ஒரு கிளியரைக்கூடப் பின்கோட்டுக்குக் கொண்டுபோகவில்லை. காலிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து தோள் என்று பந்துக்கு விசை வருகிறது என்று எத்தனையோ ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். கால் கணக்கில் இல்லை என்றால் விசையை எங்கிருந்து எடுப்பது? அவள் சொன்னாள்: "முழங்கையைச் சீக்கிரம் மேலே கொண்டுபோங்கள் டீச்சர். பந்து தலைக்கு நேரே வருவதற்குக் காத்திருந்தால் முடிந்தது. முன்னாலேயே எடுங்கள்." முன்னாலேயே எடுக்க வேண்டுமென்றால் பின்னாலேயே இருக்க வேண்டும். ஆகவே இடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தவருக்குத்தான் கிளியர் நீளமாகப் போகிறது. சக்கரத்தைத் தள்ளுவதுதான் உண்மையில் அடி, ராக்கெட் வீசுவது அதன் மிச்சம். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பேன். தோள் வலி மறக்க விடவில்லை.

அதற்குப் பிறகுதான் சதோமியின் இறுதி ஆட்டங்களை மறுபடி போட்டுப் பார்த்தோம், இருவரும் சேர்ந்து. ராக்கெட்டைப் பார்க்காமல் சக்கரத்தை மட்டும் பார்த்தோம். நீங்களும் ஒரு ராலியாவது அப்படிப் பாருங்கள். அடித்த உடனே, பந்து நெட்டைத் தாண்டும் முன்பே, கை சக்கரத்துக்கு வந்துவிடுகிறதா என்று கவனியுங்கள். களைத்தவர்களுக்கு அது முதலில் தாமதமாகும். அடித்த பந்தின் அழகை ஒரு கணம் பார்த்துவிட்டுப் பிறகு தள்ளுவார்கள். மூன்றாவது செட்டில் அந்த ஒரு கணம் ஒரு புள்ளி.

இன்னொன்று காற்று. பெரிய அரங்குகளில் குளிரூட்டியின் காற்றால் ஷட்டில் ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் போகும். நின்று ஆடுபவர்களுக்கும் இது தொல்லைதான், ஆனால் அவர்களுக்கு ஸ்மாஷும் நெட் ஆட்டமும் இருக்கின்றன, கிளியரைக் குறைத்துக்கொள்ளலாம். நாற்காலி ஒற்றையரில் கிளியர் நீளம்தான் கைமுதல். அது ஒரு பக்கத்தில் கோட்டைத் தாண்டுகிறது, மறுபக்கத்தில் அரைகுறையாக விழுகிறது என்றால் பக்கம் மாறும்போதெல்லாம் தோளுக்குப் புதிதாகக் கணக்குச் சொல்ல வேண்டும். செட் முடிந்ததும் பக்கம் மாறுகிறார்கள், மூன்றாவது செட்டில் 11 புள்ளி ஆனதும் மறுபடி மாறுகிறார்கள். முதல் செட்டில் தோற்று இரண்டாவதில் தலைகீழாக மாறுகிற எண்களைப் பார்த்தால் நான் முதலில் காற்றைத்தான் சந்தேகிப்பேன், மன உறுதியை அப்புறம். இது என் ஊகம்தான். ஆனால் கண்ணீர்க் கட்டுரைகளைவிட இந்த ஊகத்துக்கு ஆட்டத்தோடு சம்பந்தம் அதிகம்.

டோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியாவிலிருந்து ஒரு பெண்கூட சக்கர நாற்காலிப் பிரிவில் ஆடவில்லை. நின்று ஆடும் பிரிவுகளில் நாம் இத்தனை பதக்கம் வாங்குகிறபோது இது ஏன் என்று கேட்பவர்கள் அந்த உள்ளரங்கின் மூன்று படிகளைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நாற்காலி வாங்கப் பணம் தேடலாம், யாராவது கொடுப்பார்கள், பத்திரிகையில் படமும் வரும். வாரத்துக்கு நான்கு மாலை, யாரையும் தூக்கச் சொல்லாமல் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போய் ஆடிவிட்டு வர ஓர் இடம் வேண்டும். அதற்கு யாரும் படம் எடுக்கமாட்டார்கள், ஆகவே அது நடப்பதும் இல்லை.

2026 அக்டோபரில் ஜப்பானின் ஐச்சி-நாகோயாவில் ஆசியப் பாரா விளையாட்டுப் போட்டிகள் நடக்க இருக்கின்றன. சதோமி, பூக்காம், யின் மூவரின் நாடுகளும் ஆசியாவில்தான் இருக்கின்றன. அங்கே யார் ஆடினாலும் இந்தப் பிரிவை விடாமல் பார்ப்பது என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.

எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. இரண்டு இறுதிகளில் எது நல்ல ஆட்டம்? அவள் டோக்கியோ என்கிறாள். மொத்தப் புள்ளிகளைக் கூட்டிக் காட்டுகிறாள், வங்கிக்காரியல்லவா. சதோமி 56, பூக்காம் 53. மூன்று செட் முடிந்தும் மூன்று புள்ளிதான் வித்தியாசம். இரண்டாவது செட்டில் 19 புள்ளியில் இருந்த பூக்காமுக்கு இன்னும் இரண்டு கிடைத்திருந்தால் தங்கம் தாய்லாந்துக்கு. அதைவிட நெருக்கமாக என்ன வேண்டும் என்கிறாள்.

நான் பாரிஸ் என்கிறேன். டோக்கியோவில் மூன்றாவது செட் 21-13, அதாவது பூக்காம் களைத்துவிட்டார், கடைசிப் பகுதியில் சந்தேகம் இல்லை. பாரிஸில் மொத்தம் 60க்கு 52 என்று வித்தியாசம் கூடுதலாகத் தெரியலாம். ஆனால் இரண்டாவதை 13க்கு விட்டவர், மூன்று வயது கூடியவர், மூன்றாவதில் திரும்ப வந்து 18 வரை விரட்டியிருக்கிறார். ஆட்டத்தின் கடைசிச் சில நிமிடங்கள் வரை யாருக்கும் எதுவும் நிச்சயமில்லை. கூட்டுத்தொகையை வைத்து ஆட்டத்தை அளக்கக் கூடாது என்றேன். டீச்சர், நீங்கள் எப்போதும் தோற்றவர் பக்கம்தான் என்றாள். இல்லை, பின்கோட்டின் பக்கம் என்றேன். அப்படியானால் பாரிஸ் மூன்றாவது செட்டை மறுபடி போடுங்கள், எத்தனை கிளியர் பின்கோட்டை ஒட்டிய ஓர் அடி தூரத்துக்குள் விழுந்தது என்று எண்ணிவிடலாம் என்று சொல்லிவிட்டாள். சனிக்கிழமை வருகிறாள், காகிதமும் பேனாவும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.